ஹெரால்டுக்கு டர்போ, டிக்கெட் பணத்தில்

1985 ஏப்ரல் 9, செவ்வாய்

புழுக்கம். கடல்காற்று பதினொரு மணிக்குமேல்தான். முதல் ஷிப்ட், மூன்றரைக்கு வீடு.

சாமான் வந்துவிட்டது! மச்சினன் லூயி பிரான்சிலிருந்து அனுப்பியது. கல்யாணத்துக்கு லீவில் வந்த, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டு அம்மாள் ஒருவர் தன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். குழந்தைப் போர்வையில் சுற்றியிருந்தது, சென்ட் வாசனை வேறு. பிரித்தால் டர்போ, என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான். பெரிய நத்தை மாதிரி வார்ப்பிரும்பு. விரலால் தட்டினால் உள்ளே சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. மோதிய கார் ஒன்றிலிருந்து கழற்றினானாம். மச்சினன் பழைய இரும்புக் கடையில் வேலை பார்ப்பதில் இப்படி ஒரு லாபம்.

அம்மாள்: "ஏர்போர்ட்டுல இன்னாம்மா இதுன்னான். மாவு அரைக்கிற மெஷினுன்னேன், வுட்டுட்டான். கையே இத்துப்போச்சுப்பா."

காபி போட வீட்டில் பால் இல்லை. சோடா வாங்கி வந்து கொடுத்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ எப்பதான் போவப்போற?" என்றார். அடுத்த மாசம் என்றேன். என் மனைவி ஃபிலோவும் மகள் மார்த்தாவும் லூயியிடம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக அதே அடுத்த மாசம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வெயில். மில் லீவு. ஷெட்டில் உட்கார்ந்து கணக்கு.

வண்டி: ஹெரால்டு கார், இரண்டு கதவு. மார்த்தா பிறந்த வருஷம் வாங்கியது. இப்போது நாற்பது குதிரைசக்தி இருந்தால் அதிகம். வேண்டியது எழுபத்தைந்து.

லிஸ்ட்:
பிஸ்டன் செட், மெட்ராஸ் – 900
எக்ஸாஸ்ட் குழாய் புதுசாக வெல்டிங், சேதராப்பட்டு பட்டறை – 350
பெரிய கார்புரேட்டர், பழசு – 450
ரேடியேட்டர் ஒரு வரிசை கூட்ட – 400
கிளட்ச் பிளேட் – 280
ஆயில் பைப், ஹோஸ் – 120
செம்புத் தகடு (ஹெட் கேஸ்கட் நானே வெட்டிக்கொள்வேன்) – 60
பெட்ரோல், சோதனைக்கு – 200
டர்போ – இனாம்
மொத்தம் 2760.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மில்லில் பாய்லர் பக்கம் இருக்கும் சுப்புராயனிடம் மட்டும் சொன்னேன். "யோவ் மாணிக்கம், உனக்கு இன்னாத்துக்குயா இது? மில்லுக்கு சைக்கிள்ல போற ஆளு நீ." நியாயமான கேள்வி. எழுபத்தைந்து குதிரையில் போக எனக்கு ஒரு இடமும் கிடையாது.

ஏப்ரல் 20, சனி

பேங்க். ஃபிலோ அனுப்பிய விமான டிக்கெட் பணம் எட்டாயிரம், போன வருஷத்திலிருந்து தூங்குகிறது. ஆயிரம் எடுத்தேன். கைமாற்றுதான், போனஸ் வந்ததும் போட்டுவிடுவேன். யாரிடம் கைமாற்று, யாருக்குத் திருப்புவது என்று பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி சோறு மிஞ்சியது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று இன்னும் பிடிபடவில்லை.

மே 5, ஞாயிறு

அனல். ஷெட் தகரம் தொட்டால் சுடுகிறது. என்ஜின் இறக்கினேன். சுப்பு வந்து சங்கிலி பிடித்தான், டீ குடித்தான், மச்சான் வீட்டு விசேஷம் என்று போய்விட்டான்.

லூயி லெட்டர். நாலு பக்கம், படம் போட்டு. பாதி பிரெஞ்சு, எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடைசியில் சிவப்பு மையில்: "மாமா, ஓட்டி முடிச்சதும் உடனே அணைக்காதீங்க. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அப்புறம் அணைங்க. உள்ளே சக்கரம் நெருப்பா இருக்கும். என்ஜின் நின்னா எண்ணெய் வராது, இருக்குற எண்ணெய் பேரிங்லயே கருகிடும்."

ஷெட் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தேன்: இரண்டு நிமிஷம்.

ஃபிலோ லெட்டரும் அதே கவரில், அரைப் பக்கம். மார்த்தா வகுப்பில் மூன்றாவது. குளிர் விட்டுவிட்டது. கார் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். டிக்கெட் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் ஏன் இல்லை என்றும் இருந்தது.

மே 19, ஞாயிறு

செம்பு கேஸ்கட், என்ஜின் மூடிக்கு அடியில் வைக்கிற தகடு. தகட்டை ஸ்டவ்வில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், அப்புறம் சொன்னபடி கேட்கும். இரண்டு அடுக்கு. என்ஜினுக்குள் அழுத்தம் குறையும், டர்போ காற்றைத் தாங்கும். அழகாக வந்தது. காட்ட ஆளில்லாமல் மேஜைமேல் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

கணக்கு திருத்தம். பிஸ்டன் 1150. வெல்டிங் இரண்டு தடவை விரிசல், மொத்தம் 600. வேகம் கூடினால் நிறுத்தவும் வேண்டுமே, பிரேக் முழுக்கப் புதுசு 700. இது லிஸ்டில் இல்லவே இல்லை. சில்லறைச் சாமான் 340 சேர்த்து இதுவரை 4300. ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவானேன். பேங்கில் மிச்சம் 3700. போனஸ் கணக்கெல்லாம் பொய். எனக்கே தெரியும்.

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை அழுத்த, ஒருவர் கீழே திருகு திறக்க. முன்பெல்லாம் மார்த்தா ஏறி உட்கார்ந்து, "அப்பா, அழுத்தட்டா? வுடட்டா?" என்பாள். இன்று பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டையை முட்டுக்கொடுத்து, ஓடி வந்து படுத்து, திருகி, மறுபடி ஓடி. முப்பது தடவை. அழுகை வந்தது, அழுதேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று சாயங்காலம் திடீர் மழை. இன்று காலை பத்தே காலுக்கு என்ஜின் பிடித்தது! மூன்றாவது முடுக்கில். ஒரு சீட்டி சத்தம், மெல்லிசாக, ஏறி ஏறி. அடுத்த வீட்டுக்காரர் மதில்மேல் எட்டி, "இன்னா சார், குக்கரா?" என்றார்.

இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

கடலூர் ரோட்டில் முதல் ஓட்டம். விடிகாலை, ஆள் நடமாட்டம் இல்லை. நோணாங்குப்பம் பாலம் தாண்டி மூன்றாவது கியரில் அழுத்தினேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக ஒரு ஆள் காருக்குள் சிரித்தால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. உடனே நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும்போது முதலியார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. பத்து நிமிஷம். வீடு வந்து லூயிக்கு எட்டு பக்கம் எழுதினேன். ஃபிலோவுக்கு ஒரு பக்கம்.

ஜூன் 30, ஞாயிறு

இரண்டாவது ஓட்டம். அருமை. கேட் மறுபடியும் மூடல். பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, "இன்னா வண்டி சார், நம்மளையே இந்த வேகத்துல முந்திக்கினு போச்சு?" என்றார். அவருக்கு எல்லாம் விளக்கினேன். கேட் திறந்து ஹாரன் அடிக்கும்வரை விளக்கினேன். பாவம் அவர்.

ஜூலை 14, ஞாயிறு

பிரெஞ்சுக்காரர் திருநாள். கடற்கரைப் பக்கம் சொல்தா பெரியவர்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம். மாமனார் இருந்தவரை ஃபிலோ அவர் கோட்டைத் தேய்த்துக் கொடுப்பாள். அந்தப் பக்கம் போகவில்லை. கடலூர் ரோடு, நாலாவது ஓட்டம்.

பாலத்திலிருந்து நேராக அழுத்திக்கொண்டு வந்தேன். கேட் மூடல். நின்றேன். ரயில் போனது. கிளப்பினேன். சீட்டி இல்லை. கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் பின்னால் நீலப் புகை. தெரு முழுக்கப் புகை.

வீட்டுக்கு வந்து கழற்றினேன். சக்கரம் அசையவில்லை. பேரிங்கில் எண்ணெய் கரியாகி அடுப்புச் சட்டி அடி மாதிரி.

ஏன், ஏன் என்று மத்தியானம்வரை. தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. கேட்! கேட் மூடியிருந்தால் சாவியைத் திருப்பி அணைக்காதவன் இந்த ஊரில் யார்? சொட்டு பெட்ரோல்கூட வீணாகக் கூடாது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஷெட்டில் ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம் எண்ணினேன். கேட்டில் நாலு ஞாயிறும், நெருப்பாகக் கொதிக்கும்போது, யோசிக்காமல் கை தானாகப் போய் அணைத்திருக்கிறது. பத்து பைசா பெட்ரோல் மிச்சம்.

ஜூலை 15, திங்கள்

காலையில் லூயிக்கு லெட்டர் போட்டுவிட்டு, மில்லில் சுப்புவிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "உட்றா. நீ முதல்ல பிரான்சுக்குப் போய்ச் சேரு. பொண்டாட்டி புள்ளைய வச்சிக்கினு இன்னாத்துக்குடா ஷெட்ல குந்திக்கினு கீற?" யோவ் போய் டா வந்துவிட்டால் சுப்பு நிஜமாகப் பேசுகிறான் என்று அர்த்தம்.

லேத்துக்குத் திரும்பினேன். காரணத்தை இங்கே எழுதலாம், யார் பார்க்கப்போகிறார்கள். பயம். அங்கே லூயி வீட்டில், லூயி சோற்றில், பாஷை தெரியாத ஊரில், நாற்பத்தி மூன்று வயதில் லேத் வேலை கேட்டு நிற்க. இங்கே நான் டர்னர் ராஜமாணிக்கம். அங்கே ஃபிலோ புருஷன். வெட்கமும் பயமும், வேறொன்றும் இல்லை. விசா ஆகஸ்ட் கடைசிவரைக்கும்தான். இனி இன்னொரு தடவை ஃபிலோ பேப்பருக்கு அலையமாட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

பழைய பிஸ்டன், பழைய கார்புரேட்டர் மாட்டினேன். ஹெரால்டு மறுபடி நாற்பது குதிரை. சாதுவாக ஓடுகிறது.

கணக்கு: செலவு 5120. பேங்கில் 2880. டிக்கெட்டுக்கு 5120 குறைகிறது. வேறு வழி ஒன்றுதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விழுப்புரத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். பானெட்டைத் திறந்து, "பெரிய வெல்டிங்லாம் பண்ணிக்கீறாப்ல?" என்றார். ஏதோ செய்து பார்த்தேன் என்றேன். புது பிரேக்கை மட்டும் மெச்சினார். 9000 கேட்டேன், 7500க்கு முடிந்தது. செவ்வாய் பணம், வண்டி.

டர்போவை எடைக்குப் போட மனசில்லை. சுப்பு வீட்டில் கதவுக்கு முட்டாக வைத்துக்கொள்வதாகச் சொல்கிறான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வண்டி போய்விட்டது. தெருமுனை திரும்பும்வரை நின்றேன். கேட் பக்கம் சத்தம் கேட்டது, மூடியிருக்கும்போல. அணைத்திருப்பார்.

ஷெட் ரொம்பப் பெரிசாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூடாக்கு, மழை இல்லை. பேங்க், பிறகு டிக்கெட் விற்கும் கடை. 24ஆம் தேதி மெட்ராசிலிருந்து இடம் இருக்கிறதாம். திங்களன்று முழுப் பணம் கட்ட வேண்டும். மில்லில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி இரண்டு தடவை படித்தார். "நெசமாவா?" நெசம்தான்.

நேராகத் தந்தி ஆபீஸ். நீளமாக எழுதிக் கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 24 புறப்பட்டு வருகிறேன் என்று மட்டும். கவுண்டர்காரர், "அவ்ளோதானா?" அவ்வளவுதான். மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன். சந்தோஷம்தான், வேறு என்ன. வரும் வழியில் மார்த்தாவுக்கு ஒரு ஜோடி கொலுசு. பன்னிரண்டு வயதுக்கு அளவு தெரியாமல் குத்துமதிப்பாக.

ஆகஸ்ட் 10, சனி

காலை தபால். ஃபிலோ லெட்டர், ஜூலை 30 போட்டது. என் தந்தியைப் பார்க்காமல் எழுதியது. அப்படியே எழுதிவைக்கிறேன்:

"என்னங்க, டர்போ போயிட்டதா லூயி சொன்னான். வருத்தப்படாதீங்க. வேற ஒண்ணு தேடித் தரச் சொல்லியிருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மெஷினைத் தேடி அனுப்பச் சொன்னது லூயி இல்ல, நான்தான். நீங்க வரமாட்டீங்கன்னு போன வருஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கையில வேலை இருந்தா உங்களுக்குத் தனியா இருக்கறது தெரியாது. டிக்கெட் பணத்தை அதுக்கே செலவு பண்ணிக்குங்க, நான் கேக்கமாட்டேன். இங்க மார்த்தாவும் நானும் பழகிட்டோம். கார் ஓடுதான்னு மட்டும் எழுதுங்க."

நாலு தடவை படித்தேன். வர வேண்டாம் என்று எங்கேயும் எழுதவில்லை. வாங்க என்றும் இல்லை.