மெழுகு அடைத்த கிண்ணம்

ஜவ்வாது மலை
6-4-83

அன்பு மகள் அம்சவல்லிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீ அந்த நாக்பூர் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டாலே எங்களுக்குப் போதும். புளி உலுக்கி முடித்தாயிற்று, அம்மா ஓடு எடுத்துக்கொண்டிருக்கிறாள், முழங்கால் வலி பரவாயில்லை. பொங்கலுக்கு நீ அனுப்பிய கைக்கடிகாரம் நன்றாக ஓடுகிறது. அதை வைத்து நான் கண்டுபிடித்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊற்றுத் தண்ணீர் மூன்று வீட்டுக்கும் சமம் என்பது உனக்குத் தெரியும். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஊசித்துளை போட்ட செம்புக் கிண்ணத்தை அதில் மிதக்கவிடுவோம், அது நிரம்பி மூழ்கினால் ஒரு கணக்கு. வீட்டுக்கு ஆறு கிண்ணம், பிறகு மடையை அடுத்த வயலுக்குத் திருப்ப வேண்டும். கிண்ணம் என் பங்காளி ராஜவேலு வீட்டில்தான் இருந்தது, அவன்தான் மிதக்கவிடுவான். மாசியில் ஒருநாள் சும்மா கடிகாரத்தைப் பார்த்தேன். நம் முறையில் கிண்ணம் மூழ்க இருபது நிமிஷம் ஆயிற்று, அவன் முறையில் முப்பத்தொன்று. ஐந்து முறை பார்த்தேன், ஐந்து முறையும் அப்படியே. ஆறாவது முறை நாட்டாமை தங்கவேலுவை ஊற்றுப் பக்கம் அழைத்துப் போய், அவன் முறைக்கு விட்ட கிண்ணம் பாதி மூழ்கியிருக்கும்போதே எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். துளையில் வெளிச்சம் முடி அளவுதான் தெரிந்தது. முள்ளால் நோண்டினேன், தேன்மெழுகு வந்தது. நம் முறைக்கு எடுத்துவிட்டுத் தன் முறைக்கு அடைத்திருக்கிறான். 'தேன் ஊத்தன கிண்ணம்ணா, ஒட்டிகினு இருந்திருக்கும்' என்றான். நாட்டாமையே காறித் துப்பினார்.

நான்கு வருஷத்துக்கு முன் நம் நெல் கருகிக் கிடந்ததே, அப்போதுதான் படவேட்டில் குடியேறிய நம் சனத்தார் கோபால்சாமி தன் பெரிய பையனுக்கு உன்னைப் பார்க்க வந்தார். இந்த ராஜவேலு அவரை வழியில் நிறுத்தி, 'மாதையன் சோம்பேறிங்க, வயலப் பாத்தாலே தெர்ல?' என்று சொல்லி அனுப்பினான். உன் அம்மா போட்ட காபியைக்கூடக் குடிக்காமல் அவர்கள் போனார்கள். நம் தண்ணீரைத் திருடி நம் வயலைக் கருகவிட்டவனே அதைக் கைகாட்டிப் பேசியிருக்கிறான். அதை நான் மறப்பேனா? ஊர் கூடியபோது, மூன்றாம் பங்குக்காரர் சடையன் அபராதம் போடச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கிண்ணம் இனி என் வீட்டில் இருக்கட்டும், அறுப்புவரை எனக்கும் சடையனுக்கும் மெழுகு அடைத்து அளப்பேன், ராஜவேலுவுக்கு மெழுகில்லாமல் அளப்பேன் என்றேன். ஊர் ஒப்புக்கொண்டது. அந்த மெழுகை என் விரலாலேயே திரும்ப அழுத்தினேன். தன் முறைக்கெல்லாம் அவன் ஊற்றோரம் குந்தி, கிண்ணம் மடமடவென்று மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வயிறு குளிர்ந்தது அம்மா, பொய் சொல்ல மாட்டேன்.

பங்குனி பாதியில் அவன் வயல் வெடித்துவிட்டது. அவன் மருமகள் சின்னக்குழந்தை ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி, குடத்தில் மொண்டு போய் பயிருக்கு ஊற்றினாள். உன் அம்மா, 'போதுங்க, அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சி?' என்று அழுதாள். அன்றும் அவனுக்கு மெழுகில்லாமல்தான் அளந்தேன். மறுநாள் ராஜவேலு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். படவேடு போய் கோபால்சாமியிடம் நடந்ததைச் சொல்லி, அவர் கையால் எழுதி வாங்கி வா, மெழுகை எடுக்கிறேன் என்றேன். காலை பஸ்ஸில் போனவன் அடுத்த நாள் மத்தியானம் கடிதத்தோடு வந்தான். ஊர்க்காரர் மூன்று பேர் முன்னால் அவனையே படிக்கவைத்தேன். பாதியில் நிறுத்தினான், முழுவதும் படி என்றேன். பிறகுதான் மெழுகை எடுத்தேன். அதற்குள் அவன் பயிர் பாதி போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அந்தக் கடிதத்தின் கடைசியில், தெரியாமல் தப்பாக நினைத்துவிட்டோம், சின்னவன் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிறான், அவனுக்குப் பெண் தருவீர்களா என்று கோபால்சாமி கேட்டிருந்தார். அடுத்தவன் பேச்சைக் கேட்டுக் காபியை வைத்துவிட்டுப் போன வீட்டுக்கு என் பெண் வரமாட்டாள் என்று பதில் எழுதிப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் உன்னைக் கேட்கவில்லையே என்று தோன்றியது. உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உன் மனசில் என்ன இருக்கிறதோ, திட்டுவதானாலும் திட்டி எழுது, நீ சொல்வதை நான் படவேட்டுக்கு நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். ராஜவேலுவை மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் எழுதாதே.

ராத்திரி டூட்டிக்குத் தனியாக நடந்து போகாதே. தாயி காளியம்மா உன் பக்கத்திலேயே இருப்பாள். அம்மா புளி உருண்டை கட்டி வைத்திருக்கிறாள், இந்தப் பக்கம் வருகிறவர் யாராவது இருந்தால் தெரிவி.

உன் நலம் விரும்பும் அப்பா
சி. மாதையன்