பட்டியலில் பதினேழாவது பெயர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ டைப் அடித்து அனுப்பிய நோட்டீஸ் வந்தது. உங்கள் பிசியோதெரபி நிலையத்தை விட்டு விலகியதால், இரண்டு வருடம் இந்த ஊரில் நான் அந்தத் தொழில் செய்யக் கூடாதாம். அங்கே வந்த நோயாளிகள் யாரையும் தொடக் கூடாதாம். வேலைக்குச் சேரும்போது "சும்மா ஒரு சடங்குடி, கையெழுத்தைப் போடு" என்று ஒப்பந்தத்தை நீட்டியவள் நீதான். போகட்டும். துணிக்கடையில் பில் போடுகிறேன். பில் மெஷினுக்கு முதுகுவலி வந்தால் பார்த்துக்கொள்வேன்.

ஒன்று கேட்க வேண்டும். நோட்டீஸோடு வந்த நோயாளிகள் பட்டியலில் பதினேழாவது பெயர் நம் அப்பா. உங்கள் புது தெரபிஸ்ட் கையைக் கழற்றி எடுத்துவிடுவான் போலிருக்கிறது, "அங்க இனிமே வரமாட்டேன்" என்று அப்பா ஒரே அடம். பக்கவாதம் வந்த கை, சும்மா விட்டால் இறுகிவிடும். வீட்டில் நானே பயிற்சி கொடுக்கலாமா? முதலாளியிடம் கேட்டுச் சொல்.

உன் வாயாடி

மார்ச் 11

என் வாயாடிக்கு,

கேட்டேன். "அப்பாவா இருந்தாலும் நம்ம பேஷண்ட்தானே?" என்கிறார். எதற்கு வம்பு? இரண்டு வருடம் ஓடியே போய்விடும். அப்பாவைத் தாஜா பண்ணி இங்கேயே அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

அடுத்த ஆண்டு, நவம்பர் 20

வாயாடி,

நேற்று நானும் வேலையை விட்டேன். முதலாளி அதே நோட்டீஸை என்னிடமும் நீட்டினார். வாங்கிக் கிழித்துப் போட்டேன். ஏன் தெரியுமா? உனக்கு அனுப்பிய அன்றே அவருடைய வக்கீல் என் முன்னால் சொன்னார்: "வேலைய விட்டவங்க பிழைப்பத் தடுக்க கோர்ட்டு ஒத்துக்காது. இது பயமுறுத்தத்தான்."

தெரிந்தேதான் டைப் அடித்தேன். முதலாளி என் வேலைக்கு உலை வைத்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பா கை விஷயத்திலாவது சொல்லியிருக்கலாம். நீ கேட்டாயே, பாவி நான்! ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

அக்கா

நவம்பர் 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பெரியவளுக்கும் பிழைப்புன்னு ஒண்ணு இருக்குல்ல, விடும்மா" என்றார். அவரால் முடிகிறது.

அவரும் அங்கே வரவில்லை, நோட்டீஸுக்குப் பயந்து நானும் பயிற்சி கொடுக்கவில்லை; அந்த விரல்கள் இனி விரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். பெற்ற அப்பாவின் கையைத் தொட ஊரான் ஒருவனிடம் அனுமதி கேட்டேனே, அக்கா. உன்மேல் உள்ள கோபத்தைவிட என்மேல் உள்ளதுதான் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை வா, அப்பாவைப் பார். நான் வீட்டில் இருக்கமாட்டேன். வெளியே பூட்டிவிட்டுப் போவேன், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். அவரால் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது.

தங்கை