கடலுக்குப் போன வெருளி

மச்சான்,

இன்று காலை நாயாற்றில் கரையேறியபோது, காவலில் நின்ற கடற்படைக்காரன் என் படகை எட்டிப் பார்த்துவிட்டு, "மற்ற ஆள் எங்க?" என்று கேட்டான்.

"நான் தனியத்தான் போனனான் தம்பி" என்றேன்.

அவன் நம்பவில்லை. இந்தக் கிழமை நம் நாட்டுக் கப்பல்களும் அக்கரை நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து இந்தக் கடலில் பயிற்சி செய்கின்றன. காலையில் அவர்களுடைய விமானம் ஒன்று என் தலைக்கு மேலால் தாழப் பறந்து போனது உண்மைதான். "பிளேன்ல இருந்து சொன்னது. இந்த நம்பர் போட். ரெண்டு பேர்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு, மறுபடியும் படகைப் பார்த்தான். நானும் பார்த்தேன். வலையும் மீன் பெட்டியும்தான் கிடந்தன.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் நீலக்கோடு போட்ட என் சட்டை மடித்தபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் கிடந்தது. உப்பு மணம் மட்டும் எத்தனை தரம் தோய்த்தும் போகவில்லை. அந்த மணத்தோடு உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ கடலில் பிறந்தவன் இல்லை. உன் ஆட்கள் மலைநாட்டில் இருந்து வந்து, வன்னியில் காடு வெட்டி வயல் செய்தவர்கள். மாரி மழை இரண்டு தரம் பொய்த்ததும், மண்வெட்டியைச் சாத்திவிட்டு என் படகில் ஏறினாய். முதல் மாதம் முழுக்கச் சத்தி எடுத்தாய். "தேயிலை மலை இதைவிடச் சரிவு" என்று வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாய்.

வெருளியும் உன் வேலைதான். வயலில் பன்றியை விரட்ட நிறுத்துகிற அதே வெருளியை நீ கடலுக்குக் கொண்டுவந்தாய். தனியே போகிறவனைக் கண்டால் பெரிய இழுவைப் படகுகள் வலைக்கு மேலாலேயே ஓடிவிடும். இரண்டு பேர் நின்றால் கொஞ்சம் விலகும். அதனால் துணைக்கு ஆள் வராத நாட்களில், படகின் முன்பக்கம், அணியத்தில் ஒரு தடியை நட்டு, குறுக்கே இன்னொன்றைக் கட்டி, வராதவனின் சட்டையையே அதற்கு மாட்டிவிடுவாய். தலைக்கு ஒரு மிதவை, அதன்மேல் தொப்பி. கரை முழுக்கச் சிரித்தது. "வயல்ல பன்றியை ஏமாத்துறோம்ல, கடல்ல ஆளை ஏமாத்த முடியாதா?" என்றாய். சிரித்தவர்கள் எல்லோரும் அடுத்த பருவத்திலேயே தங்கள் படகுகளில் வெருளி கட்டினார்கள்.

நீ போன அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். கொடியில் காய்ந்த சட்டையை நீயே உருவி எடுத்தாய். "நீ படு. உன் சட்டை வரும்" என்றாய். அதுதான் நீ கடைசியாக என்னோடு கதைத்தது.

பொழுதுபட்டும் நீ வரவில்லை. விடிந்ததும் கடற்படை முகாமுக்குப் போய்ச் சொன்னோம். குறை சொல்ல முடியாது, உடனே தேடினார்கள். கடலில் ஆள் தொலைந்தால் சேர்ந்து தேடுவதென்று இரண்டு நாடுகளுக்கும் பேச்சு இருந்ததாம். அக்கரையில் இருந்தும் விமானம் எழும்பியது. "படகில் எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். "ஒராள்" என்றோம். நான் சொன்னேன், உன் மனைவி சொன்னா, சங்கத்துத் தலைவரும் சொன்னார். வெருளியைப் பற்றி ஒருவருக்கும் வாயில் வரவில்லை. கால் செருப்பைப்போல அது எங்களுக்குப் பழகிப் போயிருந்தது. அதை ஏன் சொல்ல வேண்டும்?

தேடுதலை நிறுத்திய பிறகு முகாம் அதிகாரி வந்து ஆறுதலாகக் கதைத்தார். போகிற போக்கில்தான் அதைச் சொன்னார். விமானம் உயரத்தில் இருந்து ஒரு படகைக் கண்டதாம், நம்பர் தெரியவில்லையாம். "அதில ரெண்டு பேர். ஒரு ஆள் கை காட்டினது. மற்ற ஆள் சும்மா நின்றது. நாங்க தேடுறது ஒரு ஆள்தானே? அது வேற போட்."

மச்சான், சும்மா நின்றது நான். நீ கை காட்டக் காட்ட, உன் முன்னால் அசையாமல் நின்று, உன்னை வேறு ஆளாக்கியது என் சட்டை.

படகை அக்கரை ஆட்கள் கண்டெடுத்து, கடல் எல்லையில் வைத்து ஒப்படைத்தார்கள். எஞ்சின் எரிந்திருந்தது. நீ இல்லை. தொப்பியும் மிதவையும் இல்லை. வெருளி மட்டும் விழவில்லை. அதைக் கண்டு பெண்கள் கத்திவிட்டார்கள். நீ எப்போதும் அதைக் கடலைப் பார்க்கத்தான் நிறுத்துவாய். சட்டைப் பொத்தான்கள் உள்நோக்க அது திரும்பியிருந்தது. எஞ்சினடியில், நீ இருக்கிற இடத்தைப் பார்த்தபடி வந்து சேர்ந்தது. காற்றுத் திருப்பவில்லை. தடியை நீயே பிடுங்கித் திருப்பி நட்டு, கயிற்றைப் புதிதாய் முடிந்திருந்தாய். உன் முடிச்சு எனக்குத் தெரியாதா?

சட்டையை எரிக்கப் போனேன். உன் மனைவி ஓடிவந்து பறித்தா. "வேண்டாம் அண்ணை. கடைசி மட்டும் அவர் இதோடதான் கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறார்" என்று, மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தா.

அதற்குப் பிறகு இந்தக் கரையில் ஒருவரும் வெருளி கட்டுவதில்லை. நானும் கட்டவில்லை. இன்றைக்கும் கட்டவில்லை.

பின்னேரம் முழுக்க யோசித்தேன். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்குப் புறப்படும்போது அந்தக் கடற்படைக்காரன் எத்தனை பேர் என்று கேட்டால், "ரெண்டு பேர்" என்றுதான் சொல்லப் போகிறேன். என்னைத் தேட வேண்டி வந்தால், மேலே இருந்து அவர்கள் காண்பதும் நான் கரையில் சொன்னதும் ஒன்றாக இருக்கட்டும். அணியத்தில் வலையை ஒதுக்கி உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மச்சான். நீ அங்கே வந்து இருந்தால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்காதே. என் பக்கம் திரும்பி இரு.