ரோமக் கொம்புக் குளவி

நாள் 212. காலை 6:10
கண்டெடுப்பவருக்கு வணக்கம். செவ்வாய்க் கிரகத்துக் கிழங்குக் கூடத்தின் பூச்சி அதிகாரி, ஈரேழு உலகுக்கும் குளவிச் சக்கரவர்த்தி, தவசிமுத்து எழுதுவது. கூடத்தில் ஆள் நான் ஒருவனே. மரவள்ளியில் மாவுப்பூச்சி. அதன் உடம்புக்குள் முட்டையிட்டுக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியைப் பூமியிலிருந்து கொண்டுவந்தோம். கடுகில் பாதி இருக்கும். கேமரா எடுத்த படத்தை எருமை அளவுக்குப் பெரிதாக்குவேன். உணர்கொம்பில் கறுப்பு வெள்ளைப் பட்டை இருந்தால் 'நண்பன்' என்று குறிப்பேன். 'பகை' என்று குறித்தால் உறிஞ்சுகுழாய் அந்தச் சாதியையே தேடி இழுத்துவிடும். இன்று 900 படம். கண்ணுக்குள் கல் உப்பு.

நாள் 214. காலை 9:40
புது ஆள். உடம்பு சிறுத்தது, கொம்பில் பட்டை இல்லை, ரோமம். நண்பனுக்குள்ளேயே முட்டையிட்டுக் கொல்லும் குளவிகளும் உண்டு. படங்களைச் சேலத்து ஆய்வகத்தில் இருக்கும் ஜெயசீலிக்கு அனுப்ப முடியவில்லை. சூரியன் குறுக்கே நிற்கிறது. மூன்று வாரம் பூமியோடு பேச்சில்லை. சக்கரவர்த்தி யாரைக் கேட்க வேண்டும்? 'பகை.'

நாள் 226. பகல் 1:15
குடியிருப்பின் சமையற்கட்டிலிருந்து மங்கை: "மாமா, மாவு எழுபது நாளைக்குத்தான் வரும். கப்பல் வர ஒரு வருசம். முப்பத்தெட்டு வாய் இருக்கு. கிழங்கு வந்துருமில்ல?"
"மலை மலையா வரும் தாயி. செவ்வாய்க் கிரகமே ஏப்பம் விடும்."
ரோமக் கொம்பன் ஒன்றுகூட மிச்சமில்லை. போர் நடத்தியே முதுகு விட்டுப்போயிற்று.

நாள் 237. காலை 7:05
புதுத் தலைமுறை பொரித்திருக்கிறது. 411 படம். அத்தனையும் ரோமக் கொம்பு. குழாய் நிற்காமல் இழுக்கிறது. மாவுப்பூச்சி அப்பி இலைகள் சுண்ணாம்படித்தாற்போல் வெளுத்திருக்கின்றன.

அதே நாள். மாலை 4:20
சூரியன் விலகியது. படங்கள் சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜெயசீலியின் பதில்: "அண்ணே, உடம்பையும் கொம்பையும் பாத்து ஏமாந்துட்டீங்களே! இறக்கை நரம்பைப் பாருங்க, ரெண்டுக்கும் ஒரே ஓட்டம். அது பகையில்ல, மாப்பிள்ளை. பட்டைக் கொம்பு பொண்ணு. ஆணோட சேராத பொண்ணு முட்டையிட்டா ஆண் மட்டுந்தான் பொரிக்கும்; ஆண் மாவுப்பூச்சியைக் கொல்லாது. உடனே குழாயை நிறுத்துங்க. பழைய பொண்ணு ஒண்ணாவது உசுரோட இருக்கான்னு தேடுங்க, அது இந்த மாப்பிள்ளைகளோட சேந்தாத்தான் இனிமே பொண்ணு பொரிக்கும்."
இறக்கையைப் பார்த்தேன். ஒரே ஓட்டம்தான். மூன்று வாரமாகக் கண்ணெதிரே கிடந்தது.

நாள் 238. பகல் 12:50
குழாயைப் பிடுங்கிவிட்டேன். சுவரெல்லாம் மாப்பிள்ளைகள்.
படம் 1,905: ஆண்.
படம் 1,906: பட்டைக் கொம்பு! பெரிதாக்கினேன். கால்கள் மேலே. காய்ந்திருக்கிறது.
மங்கை: "மாமா, சாக்கு எத்தனை எடுத்து வைக்கட்டும்?"
அடுத்த படத்தைத் திறந்தேன்.
படம் 1,907: ஆண்.
1,908: ஆண்.
1,909