தெரிவு அணியில் வாசிக்கப்படாத பெயர்

இன்று காலை வாசற்கதவடியில் கறுப்பு மணிகள் சிந்திக் கிடந்தன. மகள் நேற்றுப் பின்னேரம் பயிற்சி முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்த இடம். செயற்கைப் புல்லுக்குள் போடுகிற ரப்பர்த் துகள்கள். காலுறைக்குள், பைக்குள், சலவை இயந்திரத்துக்குள் என்று வீடு முழுக்க அவைதான். குனிந்து கூட்டி அள்ளியபோது அந்த ரப்பர் மணம் மூக்கில் ஏறியது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். "என்னப்பா, தலை சுத்துதோ?" என்று குசினிக்குள் இருந்து மனைவி கேட்டாள். இல்லையென்றேன். நான் நினைத்தது உன்னை, மச்சான். அதைச் சொல்லியிருந்தால் அவளும் வந்து பக்கத்தில் இருந்திருப்பாள். பிறகு பிள்ளையை யார் பள்ளிக்கூடம் அனுப்புவது?

நாம் இருவரும் ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் ஒரே அறையில் இருந்த காலத்தில் இந்தத் துகள்களுக்காக நான் உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடம் மீன் வெட்டிவிட்டு, ஒரு பையோடு ஒஸ்லோ வந்து இறங்கியவன் நீ. பைக்குள் உடுப்பு குறைவு, சப்பாத்து இரண்டு சோடி. "பாய் தலையணை இல்லாமல் வந்திருக்கிறாய், சப்பாத்து மட்டும் ரெண்டோ?" என்று கேட்டேன். "ஒண்டு மழைக்கு மச்சான்" என்றாய்.

மகளுக்கு உன்னைப் பற்றிச் சொல்ல நினைக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் இடறுகிறேன். அவள் விளையாடுகிற கழகத்தில் அந்தப் பகுதியில் குடியிருக்கிற எந்தப் பிள்ளையும் சேரலாம். எங்கள் கழகங்கள் அப்படியில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒஸ்லோவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பெயரில் அணி கட்டி, அந்தக் கல்லூரியின் கொடியையும் நிறத்தையும் கொண்டுவந்து, ஒவ்வொரு கோடையிலும் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்கிறவர்கள் நாங்கள். விளையாட வேண்டுமென்றால் அந்தக் கல்லூரியின் பழைய மாணவனாக இருக்கவேண்டும், அல்லது பழைய மாணவனுக்குப் பிறந்திருக்கவேண்டும். "அப்ப அந்த ஸ்கூலை ஒருநாளும் பாக்காத பிள்ளையும் விளையாடலாமோ?" என்று கேட்டாள். ஓம், தகப்பன் பார்த்திருந்தால் போதும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். 

உன் பள்ளிக்கூடம் கரையோரத்தில் ஒரு தமிழ்க் கலவன் பாடசாலை. நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது முதலில் கூரை போனது, பிறகு சுவர் போனது, அதன்பிறகு அந்த இடத்தையே முட்கம்பி போட்டு இராணுவம் எடுத்துக்கொண்டது. ஒஸ்லோவில் அதன் பழைய மாணவர் சங்கத்துக்கு நானே தலைவர், நானே பொருளாளர், கூட்டத்துக்கு வராமல் இருப்பவரும் நானே என்று நீ பகிடி விடுவாய். எல்லாரும் சிரிப்போம். நாங்கள் சிரித்து முடிக்கும் முன்பே நீ எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவாய். அதை அந்த நாட்களில் நான் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் கழகச் செயலாளர் சிவபாதம் அண்ணை உன்னை முதன்முதலில் மைதானத்தில் கண்ட பின்னேரம் நினைவிருக்கிறதா? பயிற்சிக்கு ஆள் குறைந்ததால் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். நீ இடதுகாலால் அடித்த பந்து கோல்காப்பாளரின் தலைக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்ததும் அண்ணை விசிலை வாயிலிருந்து எடுத்தார். கண்ட மனிதரிடமெல்லாம் "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டு, அதிலிருந்து ஊரையும், ஊருக்குள் எந்தப் பக்கம் என்பதையும், கடைசியில் சாதியையும் அளந்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறவர். அன்றைக்கு உன்னிடம் அவர் பெயரை மட்டும் கேட்டார். மறைக்கத் தெரியாத நீதான் வலியப்போய்ச் சொன்னாய்.

"அண்ணை, நான் உங்கடை கல்லூரி இல்லை."

"அதைப் பாக்கலாம் தம்பி. அட்டையிலை நான் எழுதுறன், நீ விளையாடு."

அவரே எழுதினார். பதிவு அட்டையில் உன் படத்துக்குக் கீழே எங்கள் கல்லூரியின் பெயர். அந்த அட்டையை நீ கொஞ்ச நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாய்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊருக்குப் போய்வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்தக் கோடையில் நீ அடித்த கோல்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் களைத்துப்போனார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை முடித்து, கை இன்னும் வெங்காயம் மணக்க, நேரே மைதானத்துக்கு வருவாய். ஆட்டத்துக்கு முன் யாராவது ஏதாவது உபாயம் சொன்னால் "அடிச்சாப் பிறகு கதைப்பம்" என்பாய். கோட்டுக்கு வெளியே நின்று சிவபாதம் அண்ணை "எங்கடை பெடியன், எங்கடை பெடியன்" என்று தொண்டை கிழியக் கத்துவார். எங்கள் அணியில் வலப்பக்கப் பின்வரிசையில் நின்ற என்னைப் பார்த்து அப்படி யாரும் கத்தியதில்லை. அதில் நியாயம் இருந்தது.

பருவ முடிவில் எல்லாக் கல்லூரி அணிகளிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி ஒரு தெரிவு அணி அமைப்பார்கள். அந்த ஆண்டு அது கப்பலில் கோப்பன்ஹேகனுக்குப் போய் டென்மார்க் தமிழரின் தெரிவு அணியோடு மோதுவதாக இருந்தது. ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஒரு பிரதிநிதி வந்து, ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் ஒருவர் வீட்டில் கூடிப் பெயர்களை முடிவு செய்வார்கள். எங்கள் பிரதிநிதி சிவபாதம் அண்ணை. யார் இல்லாவிட்டாலும் நீ இருப்பாய் என்று எல்லாரும் நினைத்தோம். நீ கப்பலில் உடுக்கவென்று ஒரு குளிர்ச்சட்டை வாங்கினாய்.

அந்தக் கிழமை ஒருநாள் ரயிலில் வரும்போது என்னிடம் சொன்னாய்: "பள்ளிக்கூடத்திலை என்ரை பேரை ஒருத்தரும் மேடையிலை வாசிச்சதில்லை மச்சான். பரிசளிப்பு விழா வைக்கிறதுக்குள்ளை பள்ளிக்கூடமே போயிட்டுது. இந்த ஒருக்கா வாசிச்சாக் காணும்." முப்பது வயது மனிதன் நீ, இதைச் சொல்லிவிட்டு வெட்கத்தில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.  "வாசிப்பினம், பேசாமல் இரு" என்றேன்.

பரிசளிப்பு ஒரு பாடசாலையின் உள்ளரங்கில் நடந்தது. நீ முடி வெட்டி, வெள்ளைச் சட்டை உடுத்து, வசந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாய். கல்யாணமாகி அப்போது ஒரு வருடமிருக்கும். யாரிடமோ இரவல் வாங்கிய வீடியோக் கமராவை அவள் மடியில் வைத்திருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் கல்லூரியின் முன்னாள் அதிபர் மேடையில் இருந்தார். கோல்காப்பாளரில் தொடங்கி ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவரும் மேடையேறி நீலச் சட்டையை வாங்கி அவருக்குக் கைகொடுத்தார்கள். பின்வரிசை முடிந்தது, நடுவரிசை முடிந்தது. முன்வரிசை தொடங்கியதும் வசந்தி கமராவைத் தூக்கினாள். வாசித்த பெயர்களில் ஒன்று ஒஸ்லோவில் பிறந்த ஒரு பெடியனுடையது. எங்கள் கல்லூரியின் பெயரைக்கூட நோர்வே நாக்கால் சுழற்றித்தான் அவன் சொல்வான், ஆனால் தகப்பன் அங்கே படித்தவர். பிறகு மேலதிக ஆட்டக்காரர்களை வாசித்தார்கள். அதிலும் நீ இல்லை.

வசந்தி கமராவை இறக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். நீ கைதட்டினாய். அந்தக் கைதட்டலுக்காக எனக்கு உன்னில் இன்றும் கோபம் இருக்கிறது. அதிக கோல் அடித்தவருக்கு ஒவ்வொரு ஆண்டும் கொடுக்கிற கிண்ணத்தையும் அன்று கொடுக்கவில்லை. நேரம் போதாதாம். அதன்பிறகு பிள்ளைகளின் நடனம் ஒன்று முடிந்து இன்னொன்றாக எங்களுக்குப் பசி வரும்வரை நடந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் நீ சிவபாதம் அண்ணையிடம் போனாய். நானும் பின்னால் வந்தேன்.

"அண்ணை, என்ரை விளையாட்டிலை என்ன குறை?"

"விளையாட்டிலை ஒரு குறையும் இல்லைத் தம்பி. இது தெரிவு அணி எல்லோ. அதிபரும் வந்து நிக்கிறார். கல்லூரியின்ரை பேரிலை மேடையிலை ஏறுறது எங்கடை பெடியளா இருக்கவேணும்."

"அப்ப நான் ஆரின்ரை பெடியன் அண்ணை?"

அவர் சட்டைப் பைக்குள் கார்த் திறப்பைத் தேடினார். "நீ விளக்கமான பெடியன். உனக்கு எல்லாத்தையும் விரிச்சுச் சொல்லவேணுமே?" என்றார். மற்றக் கல்லூரிக்காரர்கள் இரண்டொருவர் உனக்காகக் கதைத்ததாகவும், அண்ணைதான் மறுத்ததாகவும் பிறகு கேள்விப்பட்டோம். அட்டையில் எழுதிய அதே கைதான்.

டென்மார்க்கில் தெரிவு அணி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அன்று முழுக்க உள்ளூரச் சந்தோஷம். நீ "பெடியள் பாவம் மச்சான், முன்னுக்கு ஆள் இல்லை" என்றாய். அதோடு சப்பாத்தைக் கட்டி நிலவறைக் களஞ்சியத்தில் வைத்தாய். பேர்கன் நகருக்குப் போய்விடுவோமா என்று வசந்தி கேட்டாளாம். அங்கே ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் வேலை இருந்தது. "அங்கை மட்டும் கேக்க மாட்டினமோ?" என்று சொல்லிவிட்டு நீ தொலைக்காட்சியைப் போட்டாயாம்.

அடுத்த மாரியில் உனக்கு வயிற்றுக்குள் வலி தொடங்கியது. வேலையில் பாரம் தூக்கியதால் என்றாய். கணையத்தில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னபோது மிஞ்சியிருந்தது கொஞ்சக் காலம்தான். எனக்கு எல்லார் மீதும் எரிச்சலாக இருந்தது. வைத்தியசாலையின் சுத்தமான யன்னல் மீதும்கூட. சிவபாதம் அண்ணை ஒரு குலை முந்திரிகைப் பழத்தோடு உன்னைப் பார்க்க வந்தார். நீ எழும்பி இருக்க முயன்றாய். அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "செத்தாலாவது சேர்ப்பினமோ மச்சான்?" என்று கேட்டுச் சிரித்தாய். சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தாய். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று அழுதேன்.

சேர்த்தார்கள். நீ கண் மூடிய மறுநாளே இணையத்தில் கழகத்தின் கண்ணீர் அஞ்சலி வந்தது. எங்கள் கல்லூரியின் பழைய மாணவன், கழகத்தின் நட்சத்திர வீரன், பேரிழப்பு என்று. கோல் அடித்துவிட்டு நீ கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற படம். தகன மண்டபத்துக்கு அவர்கள் ஒரே நிறக் கழுத்துப்பட்டி கட்டி வந்தார்கள். தேவாரம் முடிந்து, பெட்டி திறந்திருக்க, சிவபாதம் அண்ணை கல்லூரிக் கொடியை நான்காக மடித்து இரு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னுக்கு வந்தார். அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. உன் நெஞ்சில் போர்த்துவதற்காகக் கொடியை விரிக்கப்போனார்.

வசந்தி எழும்பி வந்து நடுவில் நின்றாள். 

"அண்ணை, இவர் உயிரோடை இருக்கேக்கை கேட்டவர். இப்ப கேக்கேல்லை. கொண்டு போங்கோ."

"பிள்ளை, இது தம்பிக்கு மரியாதை..."

"இவர் உங்கடை பள்ளிக்கூடத்திலை படிக்கேல்லை. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

 பின்னால் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அண்ணை கொடியை மடிக்கத் தெரியாமல் மடித்து, கையில் வைத்தபடியே போய்க் கதிரையில் இருந்தார். நீ இருந்திருந்தால் அந்தக் கொடியை வாங்கியிருப்பாய், எனக்குத் தெரியும். உனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. அதனால்தான் வசந்தி வாங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். உன் ஆசை எவ்வளவென்று அவளுக்கு என்னைவிடத் தெரியும். அவள் இப்போது தமக்கையோடு பேர்கனில் இருக்கிறாள். எப்போதாவது தொலைபேசியில் கதைப்போம். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவருமே வேறு கதைக்கு மாறிவிடுகிறோம்.

பேச்சுவார்த்தையும் முறிந்து, சண்டையும் திரும்ப வந்து, ஊரில் எல்லாம் முடிந்தும் போய்விட்டது. கழகங்கள் இன்னும் இருக்கின்றன, தெரிவு அணியும் ஆண்டுதோறும் அமைகிறது. நான் போவதில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீடு. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்தவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். தண்ணீர் ஊற்றித் தந்தார், மகளின் படிப்பை விசாரித்தார், என் தகப்பனுக்கு நடந்த சத்திரசிகிச்சையைப் பற்றியெல்லாம் அக்கறையாகக் கேட்டார். பிறகு அதுவும் வந்தது. "தம்பி எந்தப் பள்ளிக்கூடம்?"

உன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். நீ போனதிலிருந்து யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். பொய்தான். ஆனால் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசுவதில்லை. அவருடைய சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண் மட்டும் என்னை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு வந்தது. "ஓ, அந்தப் பக்கமோ" என்றார். பிறகு பருப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, மற்றப் பக்கத்தில் இருந்தவரோடு கதைக்கத் தொடங்கினார்.

நான் பருப்பை ஊற்றிச் சாப்பிட்டேன். எனக்கு அது ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான். அவருடைய தோளைத் தட்டி, படித்த கல்லூரியின் பெயரை நான் சொன்னால் போதும், மனிதர் அந்த நொடியே என் பக்கம் திரும்பிவிடுவார். உனக்கு அப்படிச் சொல்ல இன்னொரு பெயர் இருக்கவில்லை, மச்சான். அதை நினைத்துக்கொண்டு, இலையில் இருந்தது முடியும்வரை அவருடைய முதுகைப் பார்த்தபடியே இருந்தேன்.