கொடியில் பூ இல்லாத காலை

நேற்று சாயங்காலம் காய்ந்த துணிகளை எடுக்கப் பின்பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் புறமிருந்து மல்லிகை வாசனை வந்தது. பங்குனி பிறந்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. நீ இல்லாமல் வருகிற முதல் பங்குனி. உன் வீட்டுக்காரர் முடிச்சூரில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விட்டார். உன் வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் நல்லவள்தான். மொட்டுகளைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத்தான் பதிலுக்குச் சிரிக்க வரவில்லை. துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பெரியம்மை நாட்டை விட்டே ஒழிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய சேதி. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒழிவதுதான் ஒழிந்தது, பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒழிந்திருக்கக் கூடாதா அந்தப் பாழாய்ப்போன நோய்? நீ இருந்திருந்தால் இப்படிச் சொன்னதற்கே என் வாயைப் பொத்தியிருப்பாய். "நோயின்னு சொல்லாதக்கா. அம்மான்னு சொல்லு. அவ காதுல வுழுந்தா கோவிச்சிக்குவா." மகளைப் பறிகொடுத்த பிறகும் நீ அந்த அம்மனை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் உன் கட்சி இல்லை. இன்றைக்கும் நோய் என்றுதான் சொல்வேன்.

அந்த வருஷம் தாம்பரத்தில் நம் தெருவில் முதலில் அம்மை கண்டது உன் கௌரிக்குத்தான். ஐந்து வயது. நீ வாசலில் வேப்பிலை செருகிய அன்றே தெரு அடங்கிப்போனது. பால்காரர் முனையிலேயே நின்றுகொண்டு எங்களைப் பாத்திரத்தோடு வரச் சொன்னார். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து வீடு வீடாக அம்மை குத்தச் செய்து, யாரும் வெளியே நடமாட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்தும் வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். பட்டப்பகலில் தெருவில் ஈ காக்கை இல்லை. ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

நீ சுவரருகே வந்து, தள்ளி நின்றே பேசினாய். அம்மை வந்த வீட்டின் சட்டங்களை எனக்குச் சொன்னதும் அப்போதுதான். தலை வாரக் கூடாது. தாளிக்கக் கூடாது, அந்த நெடி அம்மனுக்கு ஆகாது. பூ வைக்கக் கூடாது, பறிக்கவும் கூடாது. எங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தில் மாமியார் காலத்திலிருந்தே பெண்கள் பூ வைப்பதில்லை. அதற்காக நீ என்னை எத்தனை நாள் கிண்டல் செய்திருப்பாய்! "உங்க சாமிக்குப் பூன்னா இன்னா ஆவாதா? பூவும் அவரு படைச்சதுதானே?" என்பாய். அன்றைக்குக் கிண்டல் எதுவும் இல்லை. சுவரில் படர்ந்திருந்த மல்லிகைக் கொடியைக் காட்டி, "நான் பூப் பறிச்சிட்டேன்னா தெரிஞ்சிக்கோக்கா, அம்மா எறங்கிட்டா, கொழந்த தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

சுவருக்கு இந்தப் பக்கம்தானே என் அடுப்பு. அதனால் நானும் தாளிப்பதை நிறுத்தினேன். லெந்து காலம் வேறு, ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்கு விரதம். "மாமிசத்தை விட்டோம், சரி. இப்ப கடுகையும் விட்டாச்சா?" என்று என் வீட்டுக்காரர் பத்தியக் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்பார். கேட்பாரே தவிர, ஒரு நாளும் தாளிக்கச் சொன்னதில்லை.

கொடிக்கு எந்தக் கவலையும் இல்லை. அது அப்படிப் பூத்ததை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. பறிக்க ஆளில்லாமல் மொட்டெல்லாம் ராத்திரியில் மலர்ந்து, விடியும்போது சுவரே தெரியாது. மத்தியானத்துக்குள் பழுத்து உதிர்ந்துவிடும். எழுந்ததும் ஜெபம்கூடச் செய்யாமல் ஜன்னலுக்கு ஓடுவேன். பூ இருந்தால் அம்மன் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் அந்தக் கொடியை விட்டால் எனக்கு வேறு நம்பிக்கை இல்லை. நாளைக்காவது பறித்திருப்பாள், நாளைக்காவது பறித்திருப்பாள் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூவில்லாத கொடிக்காக அப்படி ஏங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் காலை கொடியில் ஒரு பூ இல்லை.

சுவரருகே ஓடினேன். உன் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றிருந்தார். "அம்மா போயாச்சா தம்பி?" என்று கேட்டேன். அவர் திரும்பவில்லை. "பூட்டாக்கா," என்றார்.

அந்த 'பூட்டா' அம்மனைச் சொன்னது, அவள்தான் போய்விட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். வேறு யாரை நினைப்பேன்? வீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. அம்மை கொண்டுபோன வீட்டில் வாய்விட்டு அழக் கூடாது என்பதை மட்டும் நீ எனக்குச் சொல்லியிருக்கவில்லை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று உரக்கவே சொல்லிக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். ரசத்துக்குக் கடுகு தாளித்தேன். "அப்ப கௌரி பொழச்சுட்டா!" என்று என் வீட்டுக்காரர் வாசனை பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

வெயில் ஏறியபோது உன் வீட்டுக்காரர் மஞ்சள் துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு வாசல் இறங்கினார். துணி முழுக்க மல்லிகைப் பூ. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? நீ வெளியே வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். தெரு பழையபடி ஆயிற்று, பள்ளிக்கூடமும் திறந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம், நான் துணி உலர்த்தும் நேரம் பார்த்து, நீயே சுவரருகே வந்து நின்றாய். எலும்பும் தோலுமாக இருந்தாய்.

"அன்னிக்குக் கடுகு தாளிச்சியேக்கா, சத்தம் கேட்டுச்சு. இன்னா நெனச்சிக்கினு தாளிச்ச?"

எனக்கு அழுகைதான் வந்தது. "மன்னிச்சுடும்மா, கொடியில பூ இல்லையா, நான்..."

"அய்ய, அளுவாதக்கா. நான் சண்டைக்கா வந்துகீறேன்? இன்னா நெனச்சன்னு சொல்லு."

சொன்னேன். கௌரிக்குத் தலைக்கு ஊற்றியிருப்பாய், சிக்கெடுத்து வாரியிருப்பாய், பறித்த பூவையெல்லாம் அவள் தலையிலேயே வைத்திருப்பாய், அவள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டிருப்பாள் என்று நினைத்ததைச் சொன்னேன்.

நீ விடவில்லை. "ஒத்த ஜடையா, ரெட்ட ஜடையா?"

"ரெட்ட ஜடை."

"அதான் அவளுக்குப் புடிக்கும்," என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "எங்களுக்கு அவ ராத்திரியே பூட்டா. உங்கிட்ட மத்தியானம் வரிக்கும் நல்லாத்தான் இருந்துகீறா, இல்லக்கா?"

என் தப்பு எண்ணத்தில்கூட உன் பிள்ளைக்கு அரை நாள் ஆயுசைக் கண்டுபிடித்தாய். அதற்கப்புறம் பங்குனி தோறும் கேட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். சட்டை பச்சை என்பேன், கறிவேப்பிலையை எடுத்துக் கீழே போட்டாள் என்பேன். "அவ அப்டித்தான்," என்பாய். போன ஐப்பசி மழையில் காய்ச்சலில் கிடந்தபோதும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லேன்க்கா," என்றாய். பாதி சொல்வதற்குள் தூங்கிப்போனாய். மறுநாள் நீ எழுந்திருக்கவில்லை.

இந்தப் பங்குனிக்குக் கேட்க ஆளில்லை. உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல முடியுமா? ஆகவே அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நேற்று சொல்லும்போது கௌரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, "எங்க அம்மா எங்க?" என்று கேட்டாள். இப்போதுதான் தூங்கினாள், எழுப்பாதே என்று சொல்லியிருக்கிறேன்.