பட்டியலில் பதினேழாவது எண்

மார்ச் 3, திங்கள்

தொற்றுநோய்க்கு நாடுகள் தயாரா என்று சோதிப்பது என் வேலை; இந்த வருடம் எனக்கு இது மூன்றாவது நாடு. மூன்றிலும் அதே "எல்லாம் ரெடி மேடம்". விலங்குகளின் நோய் மனிதருக்குத் தொற்றினால் முதலில் யாரை அழைப்பீர்கள் என்று கேட்டேன். கால்நடைத் துறை இயக்குநர் லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். முப்பத்திரண்டு கால்நடை ஆய்வாளர்கள், முப்பத்திரண்டு எண்கள். எப்போதாவது அடித்துப் பார்த்தீர்களா? "அவசரம் வந்தா அடிச்சுக்கலாம்" என்று சிரிக்கிறார் மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 4

நானே அடித்தேன். பத்தொன்பது எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒன்று தையல் கடை. பதினேழாவதில் ஒரு பெண் எடுத்தார்.

"அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. நான் அவர் சம்சாரம். எதுக்கு உடம்பு சரியில்ல, ஆடா மாடா? அப்புறம் இங்க ஒரு விஷயம்—"

"வேணாம்மா, வெச்சுடறேன்."

செத்தவரை நம்பி ஒரு நாடு! என் நகல் தாளில் சிவப்பு மையால் அந்தப் பெயரை அடித்தேன். தாளே கிழிந்தது.

மார்ச் 5

இயக்குநரிடம் கத்தித் தீர்த்தேன். "பேரை எடுத்துடலாம் மேடம், டென்ஷன் ஆகாதீங்க." போனில் என் வீட்டுக்காரர்: "நீ கத்துறது இங்க வரைக்கும் கேக்குது."

மார்ச் 7

"ஆடா மாடா" என்று அந்த அம்மா ஏன் கேட்டார்? உறுத்திக்கொண்டே இருந்தது. விலாசம் வாங்கிக்கொண்டு போனேன்.

சமையலறை மேசையில் ஒரு நோட்டு. கணவர் இறந்த பிறகும் ஊர்க்காரர்கள் அதே எண்ணைத்தான் அழைக்கிறார்கள். தேதி, தெரு, எந்த விலங்கு, எத்தனை — எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். வாராவாரம் அலுவலகத்துக்கும் கொண்டு போயிருக்கிறார். "நீங்க ஸ்டாஃப் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

கடைசிப் பக்கம்: ஒரே தெருவில் பதினோரு ஆடுகளுக்குக் கரு கலைந்திருக்கிறது. அதற்குக் கீழே, "குட்டியை வெளியே எடுத்த பெண்ணுக்குக் காய்ச்சல். ஆறு மாதக் கர்ப்பிணி."

"இதை யார்கிட்டயாவது சொல்ல வேண்டாமா?" என்று கத்தினேன்.

"செவ்வாக்கிழமை சொல்ல வந்தேனே. நீங்கதான் போனை வெச்சுட்டீங்க."

மார்ச் 12

ஆட்டிலிருந்து வந்த காய்ச்சல்தான். தெருவில் நான்கு பேருக்கு. மருந்துக்குக் கேட்கிறது. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், குழந்தை தங்கவில்லை. மூன்று நாள் — நான் தொலைத்த மூன்று நாள். இப்போது யாரிடம் போய்க் கத்துவது?

மார்ச் 20

புதிய பட்டியல். வேலையில் இல்லாதவர் பெயரைச் சேர்க்க விதி இல்லையாம். விதியாம், விதி! பதினேழாவது வரியில் பெயருக்குப் பதில் "காலியிடம்" என்று போட்டு, அதே எண்ணை எழுதினேன். இயக்குநர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். பதினேழாவதில், இரண்டாவது மணியிலேயே எடுத்தார் அந்த அம்மா.

"சொல்லுங்க, ஆடா மாடா?"

"நான்தாம்மா. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."